ரயில் அருங்காட்சியகத்தில் திருகாணிகளைப் பார்த்த கதை

பொங்கல் விடுமுறையில் என் தந்தையையும் ஒன்பது வயது மகனையும் அழைத்துக்கொண்டு, சென்னையில் வில்லிவாக்கத்தை ஒட்டி நியூ ஆவடி சாலையில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன். 2002-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம், ரயில் பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். (இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி) தொழிற்சாலையில், பெட்டிகளின் உள்வேலைகளைச் செய்யும் ஃபர்னிஷிங் பிரிவுக்குப் பக்கத்திலேயே அமைந்திருக்கிறது. அதே பிரிவில்தான் என் தந்தை 1973-இல் தச்சராகச் சேர்ந்து 2011-இல் ஓய்வு பெற்றார். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் அருங்காட்சியகத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கேட்டால், “தினம் தினம் பார்த்ததைக் காசு குடுத்து வேற பார்க்கணுமா?” என்பார். பேரன் கேட்டதால்தான் இம்முறை இசைந்தார்.

நீராவி எஞ்சின்களுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, பிள்ளையைச் சிறு ரயிலில் ஒரு சுற்று ஏற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல், பழைய பெட்டிகளின் திருகாணிகளை என் தந்தை ஒவ்வொன்றாகப் பார்த்ததிலேயே கழிந்தது.

எஞ்சின்களைப் பொறுத்தவரை மகனுக்கு நான் சொல்லிக்கொடுக்க முடிந்தது இரண்டே செய்திகள்தான். முதலாவது, இந்திய ரயில்வே தன் எஞ்சின்களுக்கு வைக்கும் பெயரின் முதல் எழுத்து தண்டவாளத்தின் அகலத்தைக் குறிக்கிறது என்பது: டபிள்யூ என்றால் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை, ஒய் என்றால் 1,000 மில்லிமீட்டர் கொண்ட மீட்டர் கேஜ், இசட் என்றால் 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை. நீராவிக் காலத்தில் அதற்கடுத்து வந்த பி பயணிகள் வண்டியையும் ஜி சரக்கு வண்டியையும் குறித்தன. இரண்டாவது, சக்கரங்களை எண்ணும் முறை. முன்னால் இருக்கும் சிறிய சக்கரங்கள், நடுவில் தண்டுகளால் பிணைக்கப்பட்ட பெரிய இயக்குசக்கரங்கள், பின்னால் தாங்கும் சக்கரங்கள் என்று மூன்றாகப் பிரித்து எண்ணினால், டபிள்யூ.பி., ஒய்.பி. ஆகிய இரண்டு பயணிகள் எஞ்சின் வகைகளுக்கும் 4-6-2 என்றே விடை வரும். இதைச் சொன்ன பிறகு அவன் அங்கே நின்ற எந்த வண்டியையும் விட்டுவைக்கவில்லை. பாரந்தூக்கியின் சக்கரங்களைக்கூட எண்ணிவிட்டான்.

என் தந்தையோ எஞ்சின்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக மரப்பெட்டி ஒன்றின் அருகே போய், சன்னல் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “இந்த ஸ்க்ரூவைப் பாரும்மா, எல்லாக் காடியும் ஒரே திசையில நிக்குது” என்றார். பார்த்தேன். ஒரு சட்டத்தில் இருந்த அத்தனை திருகாணிகளின் தலையிலும் திருப்புளி பொருந்தும் காடிகள் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் நின்றன. இது அழகுக்காக மட்டும் செய்வதன்று என்றும், எல்லாம் ஒரே திசையில் நின்றால் வண்டியின் அதிர்வில் ஏதாவது ஒன்று தளர்ந்து திரும்பும்போது சோதனைக்கு வருபவரின் கண்ணில் அது உடனே பட்டுவிடும் என்றும் விளக்கினார். தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த தச்சர்கள் இதை வற்புறுத்துவார்களாம். பின்னாளில் மாத இலக்கு ஏற ஏற, திருகு இறுகினால் போதும் என்றாகிவிட்டதாம். அதைச் சொல்லும்போது குரலில் சிறிது வெட்கம் இருந்ததாக எனக்குப் பட்டது.

மரப்பெட்டியைவிட்டு வர அவருக்கு மனமில்லை என்றாலும், அதைப் பற்றி அவர் புகழ்ந்து பேசவும் இல்லை. “மேல இருக்கிறது வீடு, கீழ இருக்கிறது வண்டி. ரெண்டையும் சேர்த்து வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்” என்றார். இரும்புச் சட்டகத்தின் மேல் மரக்கூட்டைப் பூட்டிச் செய்த அத்தகைய பெட்டிகளில், பாரம் முழுவதையும் கீழிருந்த சட்டகமே தாங்கியது. விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டியின் சட்டகம் அடுத்த பெட்டியின் மரக்கூட்டுக்குள் புகுந்துவிடும்; உயிர்கள் போனது பெரும்பாலும் அதனால்தான். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு பெரம்பூரில் தொழிற்சாலை அமைத்து, 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நேரு அதைத் தொடங்கிவைத்தபோது மாறியது இதுதான். தரை, பக்கச் சுவர், கூரை மூன்றும் உருக்குத் தகட்டால் ஒரே கூடாக இணைந்து பாரத்தைப் பகிர்ந்து தாங்கின. தொழிற்சாலையின் பெயரில் உள்ள ‘இன்டெக்ரல்’ என்ற சொல்லுக்கு அதுவே பொருள் என்பதை, அந்தக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்த நான் நாற்பத்திரண்டாம் வயதில் தெரிந்துகொண்டேன்.

தொடக்கத்தில் அங்கே வெறும் கூடுகள் மட்டுமே செய்யப்பட்டன. இருக்கை, படுக்கை, மின்கம்பி, குழாய் முதலிய உள்வேலைகள் வேறு ரயில்வே பணிமனைகளில் நடந்தன. 1962-இல் ஃபர்னிஷிங் பிரிவு வந்த பிறகே கூடு முழுப் பெட்டியாகி வெளியே போயிற்று. உள்ளே ஏறிப் பார்க்க அனுமதித்திருந்த ஒரு பெட்டியில் என் தந்தை படுக்கைப் பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார். அவர் சேர்ந்த மறு ஆண்டு, 1974-இல், மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது. அதாவது பெயர் இரண்டாம் வகுப்பு என்று மாறியது, பலகை பலகையாகவே இருந்தது. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதேதான் இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல நுரைமெத்தை போடவைத்தவர். தச்சர்களுக்கு அதனால் வேலை கூடியது, ஏனெனில் மெத்தையின் கனத்துக்கு ஏற்பப் பலகையின் விளிம்பையும் நடுப்படுக்கையின் மடிப்பையும் திருத்த வேண்டியிருந்தது. கட்சிக்காரர் எவரையும் பாராட்டிப் பழக்கமில்லாத என் தந்தை, “அந்த மனுஷன் நம்ம முதுகை நினைச்சுப் பார்த்தார்” என்று இன்றும் சொல்கிறார்.

நிறத்தைப் பற்றியும் ஒரு செய்தி கிடைத்தது. என் சிறுவயதில் எல்லாப் பெட்டிகளும் செங்காவி நிறத்தில் ஓடியதும், 1990-களின் பிற்பகுதியில் அவை நீலமாகத் தொடங்கியதும் வெறும் அலங்கார மாற்றம் என்றே எண்ணியிருந்தேன். பொதுவாகச் செங்காவி என்றால் வெற்றிட பிரேக், நீலம் என்றால் காற்று பிரேக் என்று யார்டில் தூரத்திலிருந்தே பிரித்தறிவார்களாம். வெற்றிட பிரேக்கில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் வண்டி நகரும்; எங்காவது குழாய் அறுந்தால் காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அத்தகைய பெட்டியில் அபாயச் சங்கிலியை இழுத்தாலும் நடப்பது அதுதான். சங்கிலி ஒரு சிறு அடைப்பைத் திறந்து காற்றைக் குழாய்க்குள் விடுகிறது, கூடவே பெட்டியின் கோடியில் ஒரு வட்டத்தகடு திரும்பிக்கொண்டு, இழுத்தது எந்தப் பெட்டியில் என்பதைக் கார்டுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. என் மகனுக்கு அன்றைய நாளின் பெரிய ஏமாற்றம் இதுதான். யார் இழுத்தார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று அவன் நம்பியிருந்தான்.

ஊட்டி ரயிலின் பெட்டி அருகே சிறிது நேரமே நின்றோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது என்பதையும், ஒவ்வொரு பெட்டியின் முன்மாடத்திலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டு வருகிறார் என்பதையும் சொன்னபோது, அந்த மாடத்தில் எப்படி நிற்பது என்று மகன் நடித்துக் காட்டினான். வெயில் ஏறிவிட்டது. நண்பர்கள் யாரேனும் இத்தகைய இடங்களுக்குப் போய்வந்திருந்தால், எஞ்சினைத் தவிர வேறு எதைப் பார்த்தீர்கள் என்பதை எழுதுங்கள். என் தந்தைக்குப் படித்துக்காட்டுகிறேன்.

*

(மைசூருவிலிருந்து)

தங்கள் தந்தையார் மைசூருக்கு வந்தால் கிருஷ்ணராஜசாகர் சாலையில், சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் எதிரே இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். 1979-இல் தொடங்கப்பட்டது, தில்லிக்கு அடுத்தபடியாக நாட்டில் அமைந்த இரண்டாவது ரயில் அருங்காட்சியகம் என்பார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நான் பள்ளி ஆசிரியை என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மாணவர்களுடன் அங்கே போகிறேன்.

பிள்ளைகள் எல்லோரும் முதலில் ஓடுவது ஆஸ்டின் மோட்டார் காரிடம்தான். சாலைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ரயில் சக்கரங்களைப் பூட்டித் தண்டவாளத்தில் ஓடவிட்ட அந்தக் காருக்கு ஸ்டியரிங் எதற்கு என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது கேட்கும். நான் நிற்பது 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாராணியின் சலூன் பெட்டியிடம். அதற்கெனச் சமையலறை உண்டு, உணவறை உண்டு, தனிக் கழிப்பறையும் உண்டு. மாணவிகளை அதன் முன் நிறுத்தி, 1909-இல் ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி எழுதிய கடிதத்தின் கதையைச் சொல்வது என் வழக்கம். வயிறு சரியில்லாமல் அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியவர், கார்டு விசில் ஊதிவிட்டதால் ஒரு கையில் சொம்பும் மறுகையில் வேட்டியுமாக ஓடிவந்து, பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னும் விழுந்து, வண்டியையும் தவறவிட்டார். அந்த அவமானத்தைத் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதினார். சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதமே தூண்டுதல் என்று சொல்லப்படுகிறது. கடிதம் தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரண்மனைக்கு 1899-இல் கிடைத்துவிட்ட ஒரு வசதிக்காகப் பத்து ஆண்டுகள் கழித்து ஒருவர் விழுந்து எழுந்து கடிதம் எழுத வேண்டியிருந்தது என்று சொன்னால், சிரித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் சிலர் சிரிப்பை நிறுத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த முறை சலூனின் திருகாணிகளையும் பார்த்து எழுதுகிறேன்.

*

(திருச்சியிலிருந்து)

நான் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். திருச்சி சந்திப்புக்கு அருகில் 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ரயில்வே பாரம்பரிய மையத்துக்கு மாதம் ஒருமுறை போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தலைமையிடமாக இருந்த ஊர் இது. பக்கத்தில் பொன்மலைப் பணிமனை. ஆகையால் இந்த ஊரில் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு ரயில்வே குடும்பம் இருக்கும். மையத்தில் பெரிய எஞ்சின்களைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறக்கூடும். ஆனால் கடிகாரம், விளக்கு, மணி, பழைய படங்கள் என்று ஒரு நிலையத்தின் அன்றாட வாழ்க்கையைக் காண விரும்புகிறவர்களுக்கு அங்கே நல்ல தீனி உண்டு.

அந்தச் சாமான்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது நீல்ஸ் பால் டோக்கன் கருவி. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காத்தது அதுதான். இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி இருக்கும், உள்ளே உருக்கு உருண்டைகள் இருக்கும். அடுத்த நிலையத்துக்காரர் மணியடித்து இசைந்தால்தான் என் பக்கம் ஓர் உருண்டை விழும். அது திரும்பக் கருவிக்குள் போகும் வரை இரு பக்கத்திலும் வேறு உருண்டையை எடுக்க முடியாது. அந்த உருண்டையைத் தோல் பையிலிட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, நில்லாமல் போகும் வண்டியின் டிரைவரிடம் நீட்ட வேண்டும். அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது.

பணியில் சேர்ந்த இரண்டாம் மாதம், மீட்டர் கேஜ் பாதையில் ஒரு சிறு நிலையத்தில், மழை பெய்த ஓர் இரவில், வளையத்தை நான் சற்றுத் தாழ்த்திப் பிடித்துவிட்டேன். உதவி டிரைவரின் கைக்கு அது சிக்காமல் இருப்புப்பாதையோரப் புதரில் போய் விழுந்தது. வண்டி முழுவதும் நின்றுவிட்டது. நானும் பாயிண்ட்ஸ்மேனும் கைவிளக்கை வைத்துக்கொண்டு முள்ளுக்குள் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. தாமதத்துக்கான விளக்கத்தை நான் எழுதிக் கொடுத்தேன். பாயிண்ட்ஸ்மேன் மறுநாள் காலையில் ஒரு வெற்று வளையத்தை என் கையில் கொடுத்து, பிளாட்பாரத்தில் தான் ஓடி ஓடி வாங்கி, எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று எனக்குப் பழக்கிவிட்டார். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள்களுக்கு விளக்க அட்டை எழுதுகிறவர்கள், அந்த உயரத்தையும் எழுதினால் நன்றாயிருக்கும்: நம் தோளுக்கு மேல் ஒரு முழம்.

*

(யாழ்ப்பாணத்திலிருந்து)

நீங்கள் எல்லோரும் பழைய வண்டிகளைப் பார்க்கப் போன கதையை எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புகையிரதமே புதிய பொருள். நான் பிறந்தது 1988-இல். 1990 ஜூன் மாதத்தோடு, கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவி வண்டி எங்கள் ஊருக்கு வருவது நின்றுவிட்டது; தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாண நிலையத்தின் இடிந்த மேடையில் ஆடு மேய்வதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். அம்மா கொழும்புக்குப் போன கதையைச் சொல்லும்போது, புகையிரதம் எனக்கு அரசர் கதையில் வரும் தேர்போல இருந்தது. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரை சேவை மீண்டும் தொடங்கியபோது எனக்கு 26 வயது. அப்போதுதான் முதன்முதலாக ஏறினேன்.

அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் திகதி, கண்டிப் பாதையில் உள்ள கடுகண்ணாவை நிலையத்தையொட்டித் தேசிய புகையிரத அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1864-இல் அதே நாளில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடியதன் 150-ஆம் ஆண்டு நிறைவு அது. சில மாதங்கள் கழித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏற்றம் கடுமையானது. அந்நாளில் பின்னால் இன்னோர் எஞ்சினைப் பூட்டித் தள்ளவைத்துத்தான் ஏற்றுவார்கள். அங்கே நிறுத்திவைத்திருந்த எஞ்சின்களையும் பெட்டிகளையும் நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அம்மா ஒரு பழைய பெட்டியின் படிக்கட்டைக் காட்டி, “இந்த உயரத்துக்குத்தான் உன்ரை அம்மம்மா சீலையோட ஏறமாட்டன் எண்டு நிண்டவ” என்றார். அதன் பிறகு நான் எஞ்சின்களைப் பார்க்கவில்லை. அந்தப் படிக்கட்டு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கையால் அளந்து பார்த்தேன். என் இடுப்புக்கு வந்தது.

*

(மீண்டும் சென்னையிலிருந்து)

எல்லாவற்றையும் தந்தைக்குப் படித்துக்காட்டினேன். திருச்சிக்காரர் சொன்ன ஒரு முழக் கணக்கை எழுந்து நின்று கையை நீட்டிச் சரிபார்த்தார். யாழ்ப்பாண நண்பரின் பகிர்வைப் படித்தபோது ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, படிக்கட்டின் கீழ்ப்படி அவ்வளவு உயரத்தில் இருப்பதற்குக் காரணம், மேடையில்லாத இடத்தில் இறங்குவதை எண்ணிப் பார்க்காமல் வரைபடம் போடுவதுதான் என்று மட்டும் சொன்னார். மைசூர் சலூனைப் பற்றிக் கேட்டதற்கு, திருகாணிகளின் தலை பித்தளையா இரும்பா என்பதையும் சேர்த்துப் பார்த்து எழுதச் சொன்னார்.

திங்கட்கிழமை சென்னை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதைப் போக விரும்புகிறவர்கள் நினைவில் வையுங்கள். பெரியவர்களுடன் போகிறவர்கள் காலையில் திறந்தவுடன் போவது நல்லது. திறந்த வெளியில் நிற்கும் இரும்பு நண்பகலில் தொட முடியாதபடி சுடுகிறது.

முதல் பகிர்வில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவர்கள் பிரிவில் படுக்கைப் பலகையைப் பூட்டுவதற்கு முன், எந்தக் கூட்டுக்கு உரியது என்று அடையாளம் தெரிவதற்காகப் பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் கூட்டின் எண்ணை எழுதுவார்களாம். சிலர் தம் பெயரின் முதல் எழுத்தையும் போட்டுவிடுவார்களாம். ஐ.சி.எஃப். வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆகவே அந்தக் கையெழுத்துகள் இனிப் புதிதாக எங்கும் விழப்போவதில்லை. நாங்கள் ஏறிய பெட்டியில் அடிப்பலகைக்குக் கீழே குனிந்து பார்க்க அவர் முயன்றார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அப்போது என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் போகிறோம். மகன் டார்ச் விளக்குக்குப் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறான்.